பார்சிலோனா போகும் அமெரிக்கத் தமிழர்களுக்கு: கேள்வி பதில்

நான் பார்சிலோனாவில் குடியிருக்கிறேன். அமெரிக்காவிலிருந்து வரும் நம் குடும்பங்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு. இந்தக் கோடைக்கு வரப்போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா, நானும் பிள்ளைகளும் அமெரிக்கக் குடிமக்கள். கணவரிடம் இந்தியப் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் இருக்கின்றன. அவருக்கு விசா வேண்டுமா? (டல்லாஸ்)

கட்டாயம் வேண்டும். கிரீன் கார்டு இங்கே செல்லாது. ஷெங்கன் என்கிற, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கோடைக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது குதிரைக்கொம்பு, அதனால் டிக்கெட்டைப் போடுமுன் அதைப் பிடியுங்கள். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் விசா தேவையில்லை. 180 நாட்களுக்குள் 90 நாள் வரை தங்கலாம். பாஸ்போர்ட் மட்டும், இங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும்.

இன்னொன்று, இதை யாரும் யோசிப்பதில்லை. ஃபிராங்ஃபர்ட்டிலோ ஆம்ஸ்டர்டாமிலோ விமானம் மாறினால், இமிக்ரேஷன் அங்கேயே முடிந்துவிடும். இப்போது முதல்முறை வருகிறவர்களிடம் விரல்ரேகையும் புகைப்படமும் எடுக்கிறார்கள், வரிசை நகர நேரம் பிடிக்கும். ஒரு மணி நேர இடைவெளியில் கனெக்‌ஷன் போட்டுவிட்டு ஓடாதீர்கள். எட்டியாஸ் (ETIAS) என்ற முன் அனுமதியும் வருகிறது, கட்டணம் 20 யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும் பாருங்கள். அதே பெயரில் கூடுதலாகக் கறக்கிற போலித் தளங்கள் ஏகப்பட்டவை.

ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்குள் எப்படி வருவது? மெட்ரோ பாஸ் வாங்கலாமா? (சியாட்டில்)

நான்கு பேர், நான்கு பெட்டி என்றால் கறுப்பு மஞ்சள் டாக்சி. ஏரோபஸ் என்கிற ஏர்போர்ட் பஸ்ஸில் நான்கு டிக்கெட் எடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஊருக்குள் சுற்ற டி-கேஷுவல் கார்டு போதும், பத்துப் பயணம். ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டும், ஒரே கார்டைக் கைமாற்ற முடியாது. ஏர்போர்ட் மெட்ரோ நிலையங்களில் அது செல்லாது, ஆனால் இரண்டாம் டெர்மினலிலிருந்து கிளம்பும் ரென்ஃபே ரயிலில் செல்லும்.

பிக்பாக்கெட் பற்றிக் கேட்டுக் கேட்டு என் மனைவி வரவே வேண்டாம் என்கிறார். அவ்வளவு மோசமா? (நியூ ஜெர்சி)

அடிதடி, துப்பாக்கி என்ற பயம் வேண்டாம். இரவு பதினொரு மணிக்குப் பாட்டிகள் தெருப் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் ஊர் இது. ஆனால் திருட்டு உண்டு, அதைத் தொழிலாகவே செய்கிறார்கள். லா ரம்ப்லா வீதியில் வெளியே போட்டிருக்கும் மேஜை. உங்கள் போன் அதன் மேல் இருக்கிறது. ஒருவர் பெரிய வரைபடத்தை விரித்து அதன் மேலேயே வைத்து வழி கேட்கிறார். நீங்கள் பொறுமையாகச் சொல்கிறீர்கள், அவர் நன்றி சொல்லிப் போகிறார். வரைபடத்தோடு போனும் போய்விட்டது. மெட்ரோவில் என்றால் கதவு மூடும் நொடியில் நெருக்குவார்கள். சட்டையில் ஏதோ கறை என்று துடைக்க வரும் நல்லவரிடமிருந்து விலகி நடங்கள்.

பின் பாக்கெட்டில் எதுவும் வேண்டாம். பையை முன்பக்கம் மாட்டுங்கள், உணவகத்தில் நாற்காலி முதுகில் தொங்கவிடாதீர்கள். கடற்கரையில் யாராவது ஒருவர் பொருட்களுக்குக் காவல் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை விடுதி லாக்கரில் வைத்துவிட்டு நகலோடு சுற்றுங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் சாரியா (Sarrià) பகுதியில் அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கிறது. திருட்டு நடந்தால் மோசோஸ் என்கிற கட்டலோனியப் போலீஸில் புகார் எழுதி நகல் வாங்குங்கள், இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அவசர எண் 112. மனைவியைக் கூட்டி வாருங்கள்.

மாமியார் சுத்த சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார். பட்டினி கிடக்க வேண்டியதுதானா? (அட்லாண்டா)

ஊரில் சைவ உணவகங்கள் நிறைய வந்துவிட்டன. சிக்கல் சாதாரணக் கடையில்தான். 'இறைச்சி வேண்டாம்' என்றால் மட்டும் போதாது. சாலடில் டூனா மீன் வரும், கீரையில் பன்றித் தொடைத் துண்டு வரும், கேட்டால் 'கொஞ்சம்தானே' என்பார்கள். இறைச்சி, மீன், ஹமோன் என்கிற பன்றித் தொடை, முட்டை நான்கையும் தனித்தனியே மறுத்து, ஸ்பானிஷில் எழுதிய சீட்டை மாமியார் கைப்பையில் போட்டுவையுங்கள்.

நம்பிக் கேட்கக்கூடியவை: தக்காளி தேய்த்த ரொட்டி, கல்லுப்பு தூவிய பத்ரோன் பச்சை மிளகாய் வறுவல், உலர்திராட்சையும் பைன் கொட்டையும் போட்ட பசலைக்கீரை (ஹமோன் போடாமல் தரச் சொல்லி). கத்திரிக்காயையும் குடைமிளகாயையும் சுட்டுத் தோலுரித்து ஆலிவ் எண்ணெய் ஊற்றும் எஸ்கலிவாதாவும் நன்றாக இருக்கும், மேலே நெத்திலி வைக்காமல் தரச் சொல்லுங்கள். உருளைக்கிழங்கு பிராவாஸின் வெள்ளை சாஸில் முட்டை இருக்கலாம், அதைத் தவிர்க்கட்டும். பருப்பும் மசாலாவும் ராவால் பகுதியின் பாகிஸ்தானிக் கடைகளில் கிடைக்கும்.

அதைவிடப் பெரிய சோதனை நேரம். மதியச் சாப்பாடு ஒன்றரைக்கு, இரவுச் சாப்பாடு எட்டரைக்கு மேல். ஆறு மணிக்குப் பசிக்கும் அமெரிக்க வயிற்றுக்குக் கிடைப்பது சுற்றுலாப் பயணிகளுக்கென்றே சூடுபண்ணி வைத்த பயேயா என்கிற ஸ்பானிஷ் சோறு. மதியம் 'மெனு தெல் தியா' என்கிற முழுச் சாப்பாட்டை நன்றாகச் சாப்பிட்டுவிடுங்கள், விலையும் குறைவு. குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். குளோரின் வாடை அடிக்கும் என்பது வேறு விஷயம்.

ரைஸ் குக்கர் எடுத்து வரலாமா? (ஹூஸ்டன்)

வேண்டாம். இங்கே 230 வோல்ட். போன், லேப்டாப் சார்ஜருக்கு இரண்டு உருளை முனை அடாப்டர் போதும். 120 வோல்ட் குக்கரும் ஹேர் டிரையரும் செருகிய உடனே புகைந்துவிடும்.

சக்ராடா ஃபமிலியாவுக்கு நேரில் போய் டிக்கெட் வாங்க முடியுமா? (சிகாகோ)

முடியாது, ஆன்லைனில் மட்டும்தான். தேதியோடு மணியும் குறித்துத் தருவார்கள், கோடையில் சீக்கிரம் தீர்ந்துவிடும். 1882-இல் தொடங்கிய தேவாலயம், கட்டடக் கலைஞர் காவுதி தன் கடைசிக்காலம் வரை உழைத்தது. காலையில் கிழக்குக் கண்ணாடிகள் வழியே நீலமும் பச்சையும், மாலையில் மேற்கிலிருந்து செம்மஞ்சளும் உள்ளே பரவும். நான் மாலைக் கட்சி. கோபுரத்துக்கு லிஃப்டில் ஏறி, குறுகலான படிகளில் இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருக்கலாம். பார்க் குயெலுக்கும் முன்பதிவு அவசியம்.

டிப்ஸ் 20 சதவீதமா? கார் எடுக்கலாமா? (பாஸ்டன்)

சில்லறையை மேஜையில் விட்டால் போதும். கார்டு மெஷின் டாலரா யூரோவா என்று கேட்டால் எப்போதும் யூரோ. டாலரைத் தொட்டால் அவர்கள் வைத்ததுதான் விகிதம்.

ஊருக்குள் கார் தலைவலி. கடல் குளியலுக்கு சிட்ஜஸ் போவதென்றாலும் ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. வெளியூர் சுற்றக் கார் எடுத்தால், கிளம்புமுன் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை அமெரிக்காவிலேயே ட்ரிபிள் ஏ (AAA) என்ற வாகன ஓட்டிகள் சங்கத்தில் வாங்கிவிடுங்கள். நெடுஞ்சாலையில் 'உங்கள் டயர் பஞ்சர்' என்று கைகாட்டுபவர்களுக்காக நிறுத்தாதீர்கள், நீங்கள் டயரைப் பார்க்கும்போது பெட்டி போய்விடும்.

நாங்கள் ஜூன் 23 மாலை வந்து இறங்குகிறோம். கடற்கரைக்குப் பக்கத்தில் பார்சலோனெத்தாவில் வீடு எடுத்திருக்கிறோம். பிள்ளைகள் ஜெட்லேக்கில் நன்றாகத் தூங்குவார்கள்தானே? (சான் ஹோசே)

தூங்க மாட்டார்கள். அன்று சான் ஜோவான் இரவு. தீபாவளியைக் கடற்கரையில் விடிய விடியக் கொண்டாடினால் எப்படி இருக்குமோ அப்படி. பட்டாசு, நெருப்பு, ஆயிரக்கணக்கில் கூட்டம். வீட்டின் விளம்பரத்தில் எச்யுடிபி (HUTB) என்று தொடங்கும் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அதையே சாக்காக வைத்து மாற்றிவிடலாம். முதல் இரண்டு இரவை ஐஷாம்ப்லா (Eixample) பகுதியில் உள்பக்க அறையாகப் பார்த்து எடுங்கள். 24-ஆம் தேதி பொதுவிடுமுறை, சூப்பர்மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். பாலும் ரொட்டியும் வரும் வழியிலேயே வாங்கிவிடுங்கள். மறந்துவிட்டால், மூலையிலுள்ள சின்னக் கடை பெரும்பாலும் திறந்திருக்கும்.