எம்.பி.பி.எஸ். மாணவர் தன் பயோடேட்டாவில் படிப்புக்கு முன் பார்த்த வேலையைக் குறிப்பிடலாமா?

தாராளமாகக் குறிப்பிடலாம். "மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத வேலை" என்று நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டிருப்பதைப் பார்த்தால், பிளஸ் டூ முடித்து, நீட்டில் இடம் கிடைக்காமல், வீட்டு நிலைமைக்காக எங்கோ சம்பளத்துக்குப் போனவர் என்று ஊகிக்கிறேன். நானும் அதே ரகம்தான்.

இந்தியாவிலேயே மேற்படிப்பு என்றால் இந்தக் கவலையே வேண்டாம். நீட் பி.ஜி. தரவரிசைதான் அங்கே பேசும். பயோடேட்டாவை எவரும் புரட்டப் போவதில்லை. தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டர் வேலை, அல்லது வெளிநாடு என்றால்தான் கதை வேறு. பிரிட்டனில் வேலைக்கு விண்ணப்பித்தால் இடையில் விட்டுப்போன காலத்துக்கு விளக்கம் கேட்பார்கள். அமெரிக்க ரெசிடென்சி (அங்கே மருத்துவ மேற்படிப்புப் பயிற்சிக்கு அதுதான் பெயர்) விண்ணப்பத்தில் அதிகபட்சம் 10 அனுபவங்களை எழுதலாம், அவற்றில் 3ஐ முக்கியமானவை என்று குறிக்கலாம். மருத்துவம் சாராத வேலைக்கும் அதில் இடம் உண்டு.

நான் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலக் கணக்கு எழுதியவன். விடிவதற்கு வெகு முன்பே விசைப்படகுகள் வந்து சேரும். வஞ்சிரம், சங்கரா, இறால் என்று கூடை கூடையாக ஏலம் போகும். எந்தக் கூடை யாருக்கு, என்ன விலைக்கு, ரொக்கமா கடனா என்று நின்றுகொண்டே குறிக்க வேண்டும். பனிக்கட்டித் தண்ணீர் பட்ட தாளில் பால்பாயிண்ட் பேனா எழுதாது. அதனால் பென்சில்தான், நோட்டுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. கடனுக்கு எடுத்துப்போகும் அக்காக்கள் சாயங்காலம் வந்து, தாங்கள் சொல்லும் தொகையும் என் நோட்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஒத்துப்போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதை எழுத்துத் தமிழில் சொல்ல முடியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஏலம் படுத்துவிடும், எனக்கும் சம்பளம் கிடையாது. நீட் வருவதோ மே மாதத்தில். உண்மையில் நான் உட்கார்ந்து படித்தது அந்த வாரங்களில்தான். 2019இல் இடம் கிடைத்தது. (அரசுப் பள்ளிக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2020இல்தான் வந்தது. அதில் வந்திருந்தாலும் வெட்கப்பட்டிருக்க மாட்டேன். கருத்துப் பகுதியில் தயாராக இருப்பவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.)

இடம் கிடைத்த மறுவாரமே ஒரு பயிற்சி மையத்தின் பேனரில் என் புகைப்படம் "எங்கள் மாணவர்" என்று தொங்கியது. அங்கே நான் எழுதியது ஒரு மாதிரித் தேர்வு, அதுவும் இலவசத் தேர்வு. கட்டணம் எவ்வளவு என்று கேட்கப் போன என் அப்பாவை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பிய அதே இடம். எடுக்கச் சொல்லி இருமுறை போனேன், "உங்களுக்கும் விளம்பரம்தானே தம்பி" என்றார்கள். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஹவுஸ் சர்ஜன் பயிற்சி முடித்துப் பயோடேட்டா தயாரித்தபோது விடுதி நண்பன் இந்தத் துறைமுக வேலை இருந்த வரியை அடித்துவிடச் சொன்னான். "நீட் தயாரிப்பு என்று போடு, மீன் நாற்றம் எதற்கு?" நான் அடிக்கவில்லை. "ஏலக் கணக்கர், காசிமேடு. தினசரி வரவு, கடன் நிலுவைக் கணக்கு" என்று இருந்தபடியே விட்டேன். நேர்காணலில் மூத்த மருத்துவர் அந்த வரியில் விரலை வைத்து, "திருக்கை முள் குத்தினால் அங்கே என்னப்பா செய்வார்கள்?" என்று கேட்டார். பொறுக்கும் அளவு சுடுநீரில் காலை வைப்பார்கள் என்றேன். "ஏன்?" அந்த நஞ்சு வெப்பத்தில் சிதையும் என்பதைப் பிறகு பாடத்தில் படித்திருந்தேன், சொன்னேன். அடுத்து, மீன் கையாள்பவர்களின் விரலில் ஊதா நிறத்தில் வீங்கும் தொற்றைக் கேட்டார். எரிசிபெலாய்டு. பெயர் தெரியாமலே அதை எத்தனையோ கைகளில் பார்த்திருக்கிறேன். என் மதிப்பெண்களைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

எல்லாருக்கும் இப்படி வாய்க்கும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனைப் பயிற்சியை மேலே போட்டுவிட்டு இதைக் கீழே இரண்டு வரியில் முடியுங்கள். என்ன வேலை, எங்கே, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, அவ்வளவுதான். வறுமையை அதில் எழுதாதீர்கள், செய்த வேலையை எழுதுங்கள். எழுத்தரை "நிர்வாக மேலாளர்" ஆக்காதீர்கள்.

சான்று கேட்டால், நம் பக்கத்து முதலாளிகளிடம் லெட்டர்ஹெட் எல்லாம் இருக்காது. வெள்ளைத் தாளில் கையெழுத்தும் கைபேசி எண்ணும் வாங்குங்கள், போன் வரலாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லியும் வையுங்கள். என் முதலாளியிடம் சொல்லியிருந்தும், மருத்துவமனையிலிருந்து பேசுகிறோம் என்றதும் மனிதர் பதறிவிட்டார். "பையனுக்கு என்ன ஆச்சு, எந்த வார்டு?" என்றுதான் முதலில் கேட்டாராம்.