கால்விரல்களை எண்ணும் முன்பு

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வாலிபர் வேதபாடத்தில் தானியேல் 2-ஆம் அதிகாரத்தை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. சிலையின் பத்து விரல்களும் ஐரோப்பிய ஒன்றியம் என்கிறார் ஒரு பிரசங்கியார். அதெல்லாம் கிரேக்கர் காலத்தோடேயே முடிந்துபோன கதை என்கிறார் இன்னொருவர். பிள்ளைகளுக்கு நான் எதைச் சொல்லிக்கொடுக்க?"

பிரசங்கங்களைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, 31 முதல் 45 வரையுள்ள வசனங்களை இரண்டு தடவை வாய்விட்டு வாசியுங்கள். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் கனவில் கண்ட சிலை (பொன் தலை, வெள்ளி மார்பு, வெண்கல வயிறு, இரும்புக் கால்கள்), அதை நொறுக்கும் கல், இவை ஒன்றன்பின் ஒன்றாக வரும் ராஜ்யங்கள் என்று தானியேல் சொல்லும் அர்த்தம், எல்லாம் அங்கேதான். "பத்து விரல்" என்று எங்காவது வருகிறதா? வராது. கால்விரல்கள் வருகின்றன, இரும்பும் களிமண்ணும் வருகின்றன, பத்து என்ற எண் மட்டும் இல்லை. மனுஷ உருவம் என்றால் விரல் பத்துதானே என்பீர்கள், சரிதான், ஆனால் அந்த எண்ணை ராஜாக்களாக்குவது 7-ஆம் அதிகாரத்து மிருகத்தின் பத்துக் கொம்புகள், அதை எடுத்து இங்கே ஒட்டுகிறோம். நானும் ஒட்டியவன்தான். ஒரு காலத்தில் பெரிய சார்ட்டில் சிலை வரைந்து ஒவ்வொரு விரலுக்கும் ஒரு நாட்டின் பெயரை எழுதிவைத்திருந்தேன். 1981-ல் கிரீஸ் சேர்ந்தபோது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தில் சரியாக 10 நாடுகள் இருந்தன, அதனால் நிறைய பேருக்கு இது பொருந்திவிட்டதுபோலவே தெரிந்தது. 1986-ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் வந்து 12 ஆயிற்று. இன்றைக்கு 27. சிலைக்கு அத்தனை விரல் கிடையாது.

வசனம் எதை எவ்வளவு அழுத்திச் சொல்கிறதோ நீங்களும் அதை அவ்வளவே அழுத்துங்கள். பொன் தலை யார் என்று தானியேலே ராஜாவின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறான்: நேபுகாத்நேச்சார். அதில் சந்தேகமே வேண்டாம். அடுத்த இரண்டுக்கு இந்த அதிகாரத்தில் பெயர் இல்லை, ஆனால் 8:20, 21-ல் இரண்டு கொம்புள்ள ஆட்டுக்கடா மேதிய பெர்சிய ராஜாக்கள், வெள்ளாட்டுக்கடா கிரேக்க ராஜா என்று தூதனே விளக்குகிறான். கி.மு. 539-ல் பாபிலோன் பெர்சியர் கையில் விழுந்ததும், பிற்பாடு அலெக்சாந்தர் பெர்சியாவை வென்றதும், கி.மு. 323-ல் அவன் செத்தபின் ராஜ்யம் உடைந்ததும் எல்லாருக்கும் தெரிந்த சரித்திரம். அந்த வரிசையில் நாலாவது ரோமாபுரி என்றுதான் சபையில் பெரும்பாலானவர்கள் தொன்றுதொட்டு வாசித்துவந்திருக்கிறார்கள், என் எண்ணமும் அதுதான்.

ஆனால் இணையத்தில் படித்துவிட்டு வருகிற ஒரு பையன் கட்டாயம் கையைத் தூக்குவான். மேதியாவையும் பெர்சியாவையும் தனித்தனியாக எண்ணினால் நாலாவது ராஜ்யம் கிரேக்கு ஆகிவிடும், அப்போது கடைசி வில்லன் கி.மு. 167-ல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய கிரேக்க ராஜா அந்தியோகஸ் எப்பிபானெஸ். கடைசி வில்லன் அந்தியோகஸ்தான் என்பது நேற்று கிளம்பிய வாதமல்ல, ராஜ்யங்களை வேறு விதமாக எண்ணினாலும் மூன்றாம் நூற்றாண்டிலேயே போர்பிரி என்ற தத்துவஞானி அப்படி எழுதினார், வேதபண்டிதர் ஜெரோம் அதற்கு மறுப்பு எழுதினார். பையனை அடக்காதீர்கள். 8-ஆம் அதிகாரமும் 11-ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதியும் அந்தியோகஸுக்கு அச்சாகப் பொருந்துகின்றன, அதை ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் மேதியாவும் பெர்சியாவும் அங்கே ஒரே ஆட்டுக்கடாவின் இரண்டு கொம்புகள், இரண்டு மிருகங்கள் அல்ல, அதையும் காட்டுங்கள். அப்புறம் மாற்கு 13:14-க்குப் போங்கள். அந்தியோகஸ் செத்து ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆனபிறகு, "பாழாக்குகிற அருவருப்பு" என்ற தானியேலின் வார்த்தையை இயேசு இனி நடக்கப்போகிற ஒன்றாகப் பேசுகிறார். வெளிப்படுத்தின விசேஷம் 13:2-ல் தானியேல் 7-ஆம் அதிகாரத்துச் சிங்கமும் கரடியும் சிறுத்தையும் ஒரே மிருகத்துக்குள் வந்துவிடுகின்றன. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்று வேதமே தீர்க்கதரிசனத்தைப் பயன்படுத்தவில்லை. இதை விளங்கிக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துபோகும்.

இனி கல். நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். யூத சரித்திர ஆசிரியர் ஜோசிபஸ் இந்தக் கனவை அழகாகச் சொல்லிக்கொண்டே வந்து, கல்லைத் தொட்டதும், நடந்ததை எழுதுவதுதான் என் வேலை, வரப்போவதை அல்ல என்று நழுவிவிடுகிறார், அவர் எழுதியது ரோமாபுரியில் இருந்துகொண்டு. ராஜ்யங்களை நொறுக்கும் கல்லைப் பற்றி அங்கே உட்கார்ந்து விளக்கம் எழுத யாருக்குத் துணிச்சல் வரும்! கல் மோதுவது கிறிஸ்துவின் முதலாம் வருகையிலா இரண்டாம் வருகையிலா என்று சபைக்குச் சபை வித்தியாசம் இருக்கிறது. ஆயிரவருஷ அரசாட்சியை எதிர்பார்க்கிறவர்கள், கல் பாதத்தில்தானே மோதுகிறது, ஆகவே அது முடிவில்தான் என்பார்கள். மற்றவர்கள், இயேசு ரோமர் நாளில் வந்து ராஜ்யம் சமீபமாயிற்று என்றாரே என்பார்கள். நான் 35-ஆம் வசனத்தைக் காட்டுவேன்: மோதின கல் பெரிய மலையாகிப் பூமியை நிரப்பிற்று. மோதுவது ஒன்று, நிரப்புவது இன்னொன்று. ராஜ்யம் தொடங்கிவிட்டது, இன்னும் நிரம்பவில்லை என்று வாசிக்க இடம் இருக்கிறது. உங்கள் சபையின் உபதேசம் வேறென்றால் அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள், வாலிபர் கூட்டத்தில் போய் போதகரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: அந்தக் கல் கைகளால் பெயர்க்கப்படாதது. 1661 ஜனவரியில் லண்டனில் தாமஸ் வென்னர் என்பவரும் அவர் கூட்டத்தாரும், நாலு ராஜ்யமும் முடிந்தது, ஐந்தாவது கிறிஸ்துவின் ராஜ்யம், அதை நாமே நிறுவுவோம் என்று ஆயுதத்தோடு தெருவில் இறங்கினார்கள். சில நாளில் எல்லாம் அடங்கியது, வென்னரைத் தூக்கிலிட்டார்கள். தானியேலைக் கரைத்துக் குடித்தவர்கள்தான், ஆனால் "கைகளால் பெயர்க்கப்படாத" என்ற இரண்டு வார்த்தையில் கண்ணை ஓட்டவில்லை.

தேர்தல், யுத்தம், புது நாணயம் என்று எது வந்தாலும் "இதுதானே அது?" என்று கேட்பார்கள். காலங்களை அறிவது உங்களுக்கு அடுத்ததல்ல என்கிற அப்போஸ்தலர் 1:7-ஐ வாசிக்கச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். கரும்பலகையில் சிலையை வரையுங்கள், தலைக்குப் பக்கத்தில் மட்டும் பேனாவால் எழுதியதுபோல அழுத்தமாக, மற்றவற்றுக்குப் பக்கத்தில் லேசாக எழுதுங்கள், விரல்களுக்கு ஒன்றும் எழுதாதீர்கள். முடிக்கும்போது 3-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தை மட்டும் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். தலை மட்டும்தான் பொன் என்று கேட்ட அதே ராஜா, அங்கே 60 முழ உயரத்தில் ஒரு சிலை செய்து நிறுத்துகிறான், முழுக்கப் பொன்னாக. ஏன் என்று அடுத்த வாரத்துக்குள் யோசித்துவரச் சொல்லுங்கள்.