ஃபால்அவுட்டில் முட்டாளாகப் பிறத்தல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அணுப்போருக்குப் பிந்தைய உலகில் நடக்கும் ஃபால்அவுட் தொடரை (2024) பார்த்துவிட்டு, தள்ளுபடியில் 1997-இன் முதல் ஃபால்அவுட் கணினி கேமை வாங்கினேன். முரடனாக ஆடலாம் என்று ஸ்ட்ரெங்த் (வலு) 9, இன்டெலிஜென்ஸ் (புத்தி) 3, அஜிலிட்டி (சுறுசுறுப்பு) 4 வைத்தேன். டேக் ஸ்கில்லில், அதாவது தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறமைகளில், பிக் கன்ஸ் (பெரிய துப்பாக்கிகள்). குகையை விட்டு வெளியேறுவதற்குள் எலிகளிடமே பாதி உயிர் போயிற்று. ஷேடி சாண்ட்ஸ் ஊரில் யாரிடம் பேசினாலும் என் ஆள் உளறுகிறான், அவர்களும் ஏதோ பைத்தியத்திடம் பேசுவதுபோல் பேசுகிறார்கள். இது கேமில் உள்ள பிழையா, அதாவது பக்-ஆ? போதாததற்கு, என் ஆள் வாழும் வால்ட் என்ற நிலத்தடிப் புகலிடத்துக்கு வாட்டர் சிப் என்ற தண்ணீர்க் கருவிப் பாகத்தைத் தேடிக் கொண்டுவர 150 நாள் கெடு வேறு. சிறுவயதில் ஆடியவர்களின் பழைய பாசத்தைத் தவிர இந்த கேமில் என்னதான் இருக்கிறது?

ம.

*

அன்புள்ள ம.,

பக் இல்லை. நீங்கள் கேட்டதைத்தான் கேம் கொடுத்திருக்கிறது. இன்டெலிஜென்ஸ் 4-க்குக் கீழே போனால் உங்கள் ஆளால் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாது. எதிரில் இருப்பவர்கள் அதற்கேற்பப் பரிதாபப்படுவார்கள், எரிச்சலடைவார்கள், விரட்டுவார்கள். அப்படிப்பட்டவனை நம்பி யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள் என்பதால் பல குவெஸ்ட்கள் உங்களுக்குத் திறக்கவே திறக்காது. வெகு சிலர்தான் இப்படி ஆடுவார்கள் என்று தெரிந்தும் அவர்களுக்காகத் தனியாக உட்கார்ந்து வசனம் எழுதியிருக்கிறார்கள். இன்றைய பல ரோல்-பிளேயிங் கேம்களில் இந்த எண்களை மாற்றினால் அடியின் வலு மாறும், அவ்வளவுதான். இங்கே உலகம் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறுகிறது. கடைசியாக நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதிலும் இதுதான்.

இது தற்செயலாக வந்ததல்ல. கேமை உருவாக்கிய டிம் கெய்ன் இன்டர்ப்ளே நிறுவனத்தில் இதைத் தொடங்கியபோது, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கர்ப்ஸ் என்ற விதிமுறையின் மேல்தான் கட்டினார். பாதிவழியில் அந்த உரிமம் கைவிட்டுப் போனது. அவசரமாக உருவாக்கிய மாற்றுதான் நீங்கள் பார்க்கும் ஸ்பெஷல்: ஏழு குணங்கள், 18 ஸ்கில்கள். மேஜை ஆட்டத்தின் புத்தி மட்டும் போகவில்லை. ஆடுபவர் எதைச் செய்து பார்த்தாலும் அதற்கு ஒரு விளைவு இருக்க வேண்டும் என்பது அந்தப் புத்தி.

இப்போது உங்கள் எலிகளுக்கு வருவோம். ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் ஆக்‌ஷன் பாயிண்ட் (சுடுவது, நகர்வது எல்லாம் இதிலிருந்துதான் கழியும்) 5, அதோடு அஜிலிட்டியில் பாதி. உங்களுக்கு 7. 10 மி.மீ. பிஸ்டலில் ஒருமுறை சுட 5 போகும், மிச்சம் இரண்டு கட்டம் நகரலாம். பையைத் திறக்கவே 4 வேண்டும் என்பதால் சுட்ட சுற்றில் பையிலிருந்து ஸ்டிம்பேக் (காயம் ஆற்றும் ஊசி) எடுக்க வழியில்லை. அஜிலிட்டி 10 என்றால் மொத்தம் 10, அதாவது இரண்டு சூடு. ஆட்டம் முழுக்க இரண்டு மடங்கு. ஸ்ட்ரெங்த் 9 கைச்சண்டைக்காரனுக்கு உதவும், பிஸ்டலுக்கு வீண். பிக் கன்ஸும் அப்படியே. அந்த வகைத் துப்பாக்கி ஒழுங்காகக் கைக்கு வரும்போது ஆட்டம் பாதி தாண்டியிருக்கும். (பையை ஒருமுறை திறந்துவிட்டால் அதே 4-இல் எத்தனை ஸ்டிம்பேக் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், ஆகவே ஒவ்வொன்றாகப் போட்டு ஏமாறாதீர்கள்.)

புதிதாகத் தொடங்குங்கள். கிஃப்டட் என்ற ட்ரெய்ட்டை (தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும், சாதக பாதகம் இரண்டும் உள்ள தனி இயல்பு) எடுத்தால் ஏழு குணங்களும் ஒவ்வொன்று கூடும், மொத்தம் 40 என்பது 47 ஆகும். ஸ்ட்ரெங்த் 5, பெர்செப்ஷன் 7, எண்டியூரன்ஸ் 5, கரிஸ்மா 4, இன்டெலிஜென்ஸ் 9, அஜிலிட்டி 10, லக் 7. பதிலுக்கு எல்லா ஸ்கில்லிலும் 10 சதவீதமும், ஒவ்வொரு லெவலிலும் 5 ஸ்கில் பாயிண்டும் குறையும். லெவலுக்கு 5, கூடவே இன்டெலிஜென்ஸின் இரு மடங்கு என்பது கணக்கு என்பதால் 9 வைத்திருப்பவருக்கு இழப்பு போகவும் 18 மிஞ்சும், கவலையில்லை. டேக் செய்ய ஸ்மால் கன்ஸ், ஸ்பீச், லாக்பிக். ஃபாஸ்ட் ஷாட் என்ற ட்ரெய்ட்டைத் தொடாதீர்கள். அதை எடுத்தால் குறிபார்த்துச் சுட முடியாது, ஒரு பாயிண்ட் கூடுதலாகக் கொடுத்துக் கண்ணைப் பார்த்துச் சுடுவதுதான் பின்பாதியில் உங்களைக் காப்பாற்றப் போகிறது.

ஷேடி சாண்ட்ஸில் இயன் என்ற துணையாள் கிடைப்பான், 100 கேப்ஸ் (இந்த உலகின் பணம்) கொடுத்தோ பேசியோ கூட்டிக்கொள்ளலாம். அவன் கையில் சப்மெஷின் கன் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் குறுக்கே நிற்பதைப் பார்க்காமல் சரமாரியாகச் சுடுவான், முதுகில் வாங்குவது நீங்கள்தான். வாசலை மறித்துக்கொண்டு அவன் நின்றால் தள்ளிவிட வழியில்லை, அந்த வசதி இரண்டாம் பாகத்தில்தான் வந்தது. அதனால் மூலையில் மாட்டும் முன் சேவ் செய்து பழகுங்கள். இதெல்லாம் நிஜமான குறைகள்தான், பாசத்தால் மூடி மறைக்க வேண்டியதில்லை.

கெடுவைக் கண்டு பயப்படாதீர்கள். 150 நாள் தாராளம். வால்ட் 15-க்குப் போகும் முன் கயிறு எடுத்துக்கொள்ளாமல் போய்த் திரும்பி வருவது, வழியில் நாள்கணக்கில் ஓய்வெடுத்துக் காயம் ஆற்றுவது, இவைதான் நாட்களைத் தின்பவை. ஹப் நகரத் தண்ணீர் வியாபாரிகளுக்குப் பணம் கொடுத்தால் இன்னும் 100 நாள் கிடைக்கும். முதலில் வெளிவந்த பதிப்பில் அதற்கும் ஒரு விலை இருந்தது. வண்டிகள் போய்வருவதால் உங்கள் வால்ட் இருக்குமிடம் எதிரிக்கு முன்னதாகவே தெரிந்து, அவன் படையெடுத்து வரும் நாளும் முன்னால் வந்துவிடும். பிறகு வந்த திருத்தம் அந்தப் படையெடுப்புக் கெடுவையே ஏறக்குறைய தூக்கிவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான். நீங்கள் தேடும் வாட்டர் சிப் கிடைக்கும் இடத்திலும் இதே குணத்தைப் பார்ப்பீர்கள். அது இருக்கும் நெக்ரோபொலிஸ் ஊர் மக்களும் அதை நம்பித்தான் தண்ணீர் குடிக்கிறார்கள். சாக்கடையில் கிடக்கும் உதிரி பாகங்களைக் கொண்டு அவர்களுடைய பம்பைப் பழுதுபார்க்காமல் சிப்பைக் கழற்றிக்கொண்டு போகவும் கேம் உங்களைத் தடுக்கப்போவதில்லை.

முடிவு தெரிய வேண்டாம் என்றால் அடுத்த பத்தியைத் தவிர்த்துவிடுங்கள்.

கடைசி எதிரி மாஸ்டர். மனிதர்களை எல்லாம் சூப்பர் மியூட்டன்ட்களாக (உருமாறிய ராட்சதர்களாக) மாற்றினால் ஒரே இனம், சண்டையே இராது என்பது அவன் வாதம். அவனைச் சுட்டுக் கொல்லலாம். அவனிடம் போகாமலே, அவன் கோட்டையான கதீட்ரலுக்கு அடியில் இருக்கும் அணுகுண்டை இயக்கிவிட்டு ஓடலாம். மூன்றாவது வழி, பேசுவது. பிரதர்ஹுட் ஆஃப் ஸ்டீல் என்ற குழுவில் வ்ரீ என்ற ஆராய்ச்சியாளரிடம் மியூட்டன்ட்களைப் பற்றிக் கேட்டால் பிரேதப் பரிசோதனை டிஸ்க் ஒன்றைக் கொடுப்பார். மியூட்டன்ட்கள் மலடு என்பது அதில் இருக்கிறது. அதை மாஸ்டர் முன் வைத்து வாதிட்டால் தன் திட்டம் ஒரு தலைமுறையில் முடிந்துவிடும் என்று அவனுக்குப் புரிகிறது. அவனே எல்லாவற்றையும் அழிக்கும் வெடிப்பைத் தொடங்கிவைத்து உங்களைப் போகச் சொல்லிவிடுகிறான். இறுதி எதிரியை ஆதாரம் காட்டித் தோற்கடிக்கலாம் என்று 1997-இல் ஒரு கேம் அனுமதித்தது. அதற்கு வ்ரீயிடம் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும், அம்புக்குறி போட்டு யாரும் காட்டமாட்டார்கள்.

உங்கள் கணினியில் எழுத்துகள் பொடியாகவோ திரை இழுபட்டோ தெரிந்தால் ரசிகர் உருவாக்கிய ஃபால்அவுட் கம்யூனிட்டி எடிஷன் என்ற மாற்று இயக்க மென்பொருளை இறக்குங்கள். இலவசம், ஆனால் கேமின் கோப்புகள் அதில் கிடையாது. நீங்கள் வாங்கிய கேம் இருக்கும் ஃபோல்டருக்குள் அதன் இயக்கக் கோப்பைப் போட்டு அதையே திறக்க வேண்டும், வேறு இடத்தில் வைத்தால் தரவுக் கோப்பு கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். அங்கேயே உள்ள எஃப்1 ரெஸ் (f1_res.ini) என்ற அமைப்புக் கோப்பில் திரையின் அகலத்தையும் உயரத்தையும் மாற்றலாம். 1280 x 720-க்கு மேல் போக வேண்டாம். 640 x 480-க்கு வரைந்த படங்கள் என்பதால் அதற்கு மேல் ஆட்கள் எறும்பாகிவிடுவார்கள்.

பழைய சேவ் கோப்பை அழித்துவிடாதீர்கள். சேவ் செய்ய பத்து இடங்கள் இருக்கின்றன, உங்கள் பழைய முரடனை ஒன்றில் விட்டுவையுங்கள். நல்ல புத்திசாலியாக ஒருமுறை ஆடி முடித்தபின் அந்த முட்டாளை ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு ஊரிலும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்.