பெற்றோலியப் பொறியியலுக்காகக் காணியை ஈடு வைக்கலாமா?

கேள்வி: மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு எழுதிவிட்டுப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருக்கிறான். பெற்றோலியப் பொறியியல்தான் படிப்பேன், மலேசியாவுக்கு அனுப்புங்கள் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கட்டாரில் இருக்கும் என் தம்பியோ, "மாதம் 12 இலட்சம் வரும் அக்கா, யோசிக்காதேங்கோ" என்கிறார். கொக்குவிலில் மகளுக்கென்று வைத்திருக்கும் நாலு பரப்புக் காணியை வங்கியில் ஈடு வைத்தால்தான் காசு புரளும். இந்த வேலைக்கு உண்மையில் எவ்வளவு சம்பளம்? அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? மன்னாரிலும் எண்ணெய் இருக்கிறதாம், பிறகு ஊரோடு வந்துவிடலாம் என்கிறான் மகன்.
ஒரு தாய், கோண்டாவில்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் தம்பி சொன்ன தொகை நடக்கக்கூடியதுதான். பொறியியலாளர்களில் கூடுதல் சம்பளம் வாங்குகிறவர்களில் பெற்றோலியப் பொறியியலாளர்களும் அடக்கம். அமெரிக்க அரசின் புள்ளிவிவரப்படி 2023 மே மாதத்தில் அங்கே இவர்களின் நடுச் சம்பளம் ஆண்டுக்கு 135,690 டொலர். அதாவது பாதிப் பேர் அதற்கு மேலே, பாதிப் பேர் கீழே. ஆனால் அவ்வளவு பெரிய நாட்டில் இந்த வேலையில் இருப்பவர்கள் ஏறக்குறைய 20,000 பேர்தான். நம் பிள்ளைகளுக்கு எட்டக்கூடியது வளைகுடா. கட்டாரிலும் சவூதியிலும் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, அது பெரிய வசதி.

சரி, அந்த 12 இலட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் அது 4,000 டொலர், கட்டார் காசில் 14,500 ரியால் சொச்சம். உங்கள் மகன் கல்யாணம் முடித்து, மனைவி, ஒரு பிள்ளையோடு டோஹாவில் இருக்கிறார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாடகை 5,500, பள்ளிக்கூடக் கட்டணம் 2,500, காருக்கு 1,800, சாப்பாடு, போன், மற்றச் செலவுகளுக்கு 2,700. மிஞ்சுவது 2,000 ரியால். நம் காசில் ஒன்றரை இலட்சத்துக்குச் சற்று மேல். ஊரில் அது நல்ல காசு, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் 12 இலட்சம் அல்ல அது. கம்பனி தங்குமிடத்தில் தனியாக இருக்கும் முதல் சில வருடங்களில்தான் காசு உண்மையாகச் சேரும். வங்கிக் கடனும் சரியாக அந்த வருடங்களைத்தான் விழுங்கும்.

இன்னொன்று. ரூபாயில் சொல்லும் தொகை ஆளை மயக்கும். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. சம்பளம் ஒரு சதமும் கூடாமலே ஊர்க் கணக்கில் முக்கால்வாசிக்கு மேல் ஏறிவிட்டது. ஆனால் அரிசியும் சீமெந்தும் அதோடு சேர்ந்தே ஏறின.

என்னை உண்மையில் யோசிக்க வைப்பது வேறு. இந்த வேலை எண்ணெய் விலையோடு கட்டுண்டது. 2012இல் ஒரு பீப்பாய் 100 டொலருக்கு மேல். அந்த நம்பிக்கையில் படிக்கப் போன ஒரு பிள்ளை 2016இல் பட்டத்தோடு வெளியே வருகிறது; அந்த ஜனவரியில் விலை 30 டொலருக்குக் கீழே. உலகம் முழுக்க இலட்சக்கணக்கானோர் இந்தத் துறையில் வேலை இழந்த காலம் அது. அனுபவசாலிகளே வீட்டில் இருக்கும்போது புதுப் பட்டதாரியை யார் எடுப்பார்கள்? 2020 ஏப்ரலில் அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை, அதாவது பிறகு கொடுக்கப்போகும் எண்ணெய்க்கு முன்கூட்டியே பேசும் விலை, ஒரு நாள் பூச்சியத்துக்கும் கீழே போனது. விலை பிறகு ஏறும், வேலையும் வரும். ஆனால் அதுவரை வங்கி பொறுத்திருக்காது. நாலு பரப்பும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

மன்னார்க் கதையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 2011இல் மன்னார்க் கடலில் எரிவாயு கண்டுபிடித்தது உண்மை. கண்டுபிடித்த கெய்ர்ன் கம்பனி 2015இல் வெளியேறிவிட்டது. இன்னும் வர்த்தக உற்பத்தி தொடங்கவில்லை.

மகனின் ஆசையைத் தட்டிவிடச் சொல்ல மாட்டேன், வழியை மாற்றச் சொல்வேன். மொரட்டுவையிலோ பேராதனையிலோ இயந்திரவியல் அல்லது இரசாயனப் பொறியியல் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேரட்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் மின் பொறியியல் கிடைத்தாலும் அப்படியே. எண்ணெய் வயல்களில் இந்த மூன்று பேருக்கும் வேலை உண்டு. எண்ணெய் விழுந்தால் வேறு தொழிலுக்கும் போகலாம். பெற்றோலியத்தை அப்புறம் முதுகலையாகப் படிக்கலாம், அப்போது தன் உழைப்பில் படிப்பார். இலவசமாகக் கிடைக்கும் இடத்தை விட்டுவிட்டுக் காணியை ஈடு வைப்பது வேண்டவே வேண்டாம். வெட்டுப்புள்ளி தவறினால் மட்டும் மலேசியாவை யோசியுங்கள், அங்கேயும் இயந்திரவியலுக்கே.

தம்பியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்தச் சம்பளத்தில் அடிப்படை எவ்வளவு, படிகள் எவ்வளவு? கட்டாரில் வேலை முடியும்போது கிடைக்கும் பணிக்கொடையை அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கிடுவார்கள், வருடத்துக்குக் குறைந்தது மூன்று வாரச் சம்பளம். இங்கேபோல முதலாளி 12, தொழிலாளி 8 வீதம் என்று சேமலாப நிதி அங்கே போகிற நம்மவர்களுக்கு இல்லை. அடுத்தது, புதிதாகப் பட்டம் முடித்து வந்த ஒருவருக்கு அங்கே என்ன கொடுக்கிறார்கள்? தம்பி சொன்ன 12 இலட்சம் பல வருட அனுபவம் உள்ளவர்களின் சம்பளமாக இருக்கலாம்.

காணி மகளுக்கென்று வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அவர் என்ன நினைக்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. வங்கிப் படி ஏறுவதற்கு முன் அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். அவரும் நாளைக்குப் படிக்க வேண்டிய பிள்ளை.