சிங்கிள்னு ஃபைல் பண்ணிட்டேன், மாத்த முடியுமா?

கேள்வி: மூணு வருஷமா எச்1பி வேலை விசால நியூ ஜெர்சில இருக்கேன். 2024 நவம்பர்ல மதுரைல கல்யாணம், மனைவி எச்4 டிபென்டென்ட் விசால வந்தது 2025 ஜனவரி. அவங்க இங்க இல்லையேன்னு 2024 இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்ல சிங்கிள்னு போட்டுட்டேன். ரீஃபண்டும் வந்துடுச்சு. இப்ப என்ன செய்றது?

பதில்: பயப்படாதீங்க தம்பி, இதைச் சரி பண்ணிடலாம். டிசம்பர் 31 அன்னிக்கு கல்யாணம் ஆயிருந்துச்சா, அதுதான் கணக்கு, மனைவி எந்த ஊர்ல இருந்தாங்கங்கறது இல்ல, அதனால சிங்கிள் தப்பு, ரெண்டு பேரும் சேர்ந்து ஜாயின்ட்டாவோ, தனித்தனியா செப்பரேட்டாவோ 1040-எக்ஸ் ஃபார்ம்ல திருத்தணும். ஜாயின்ட்னா, வருமானத்துல வரி போடாம கழிச்சுக்கற ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 14,600 டாலர்லேர்ந்து 29,200 ஆகுது, பெரும்பாலும் இன்னும் ரீஃபண்ட் வரும்.

ஆனா ஒண்ணு, நிறைய பேர் இங்கதான் கோட்டை விடுறாங்க. மனைவி அந்த வருஷம் வரிக் கணக்குக்கு இங்க ரெசிடென்ட் இல்ல, அதனால ஜாயின்ட்டா போட அவங்களையும் ரெசிடென்ட்டா எடுத்துக்கச் சொல்லி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட லெட்டர் சேர்க்கணும், அப்புறம் அவங்க அந்த வருஷம் இந்தியால வாங்கின சம்பளம், பேங்க் வட்டி எல்லாத்தையும் காட்டியே ஆகணும், தயவுசெஞ்சு மறைக்காதீங்க. சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லாததால அதுக்குப் பதிலா வரிக்குன்னு தர்ற ஐடிஐஎன் நம்பருக்கு டபிள்யூ-7 ஃபார்மும் கூடவே போகணும். ஒரிஜினல் பாஸ்போர்ட்டை தபால்ல அனுப்ப மனசு வரலைன்னா, ஐஆர்எஸ் (அமெரிக்க வரித் துறை) அங்கீகாரம் உள்ள ஏஜென்ட் கிட்ட காட்டி சரிபார்த்துக்கலாம்.

2028 ஏப்ரல் வரைக்கும் டைம் இருக்கு. ஸ்டேட் ரிட்டர்னையும் மறக்காம திருத்திடுங்க.