சிவில், சுற்றுச்சூழல் பொறியியல் படிப்பு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கலந்தாய்வுக்குக் காத்திருக்கும் மாணவர்களும் பெற்றோரும், ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் ஒரே பொருளைப் பற்றியவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பல ஆண்டுகள் குடிநீர்த் திட்டப் பணிகளில் இருந்துவிட்டு, இப்போது பொறியியல் கல்லூரியொன்றில் சுற்றுச்சூழல் ஆய்வகத்தைக் கவனித்துவருகிறேன்.

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, விழுப்புரம்): ஐயா, எனக்குச் சுற்றுச்சூழல் பொறியியல்தான் படிக்க ஆசை. ஆனால் இளநிலையில் அந்தப் பிரிவு மிகச் சில கல்லூரிகளில்தான் இருக்கிறது. சிவிலில் சேர்ந்தால் அந்தப் பக்கம் போக முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். நம் ஊரில் பெரும்பாலானோர் வந்த வழியே அதுதான். குடிநீரும் கழிவுநீரும் தொடக்கத்திலிருந்தே சிவில் பொறியாளரின் பொறுப்பாக இருந்துவருகின்றன. முதுநிலையில் இந்தப் படிப்புக்குப் பொதுச் சுகாதாரப் பொறியியல் என்ற பெயரும் வழங்கிவந்தது. நான்காண்டு சிவில் படிப்பிலேயே நீரியல், குடிநீர் வழங்கல், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகியவை வந்துவிடும். அதன் பிறகு எம்.இ. அல்லது எம்.டெக். படிப்பில் சுற்றுச்சூழலை எடுக்கலாம். முதுநிலைச் சேர்க்கைக்கான தேசிய அளவிலான கேட் தேர்விலும் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியலுக்கும் பொறியியலுக்கும் சேர்த்துத் தனித்தாள் இருக்கிறது.

சிவில் வழியாக வருவதில் ஒரு பெரிய நன்மையையும் நான் பார்க்கிறேன். சுத்திகரிப்பு நிலையத்தில் நடப்பது வேதியியலும் நுண்ணுயிரியலும் என்றாலும், அவை நடக்கும் இடம் மண்ணின் மேல் நிற்கும் கான்கிரீட் தொட்டி. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருக்கும் மழைக்காலத்தில், பழுதுபார்ப்பதற்காக ஒரு தொட்டியை முழுவதும் காலி செய்தால், கீழிருந்து தள்ளும் நீரின் விசை தொட்டியின் எடையைவிடக் கூடுதலாகி, தொட்டியே மேலெழும்பிவிடக்கூடும். மண் இயக்கவியலைக் கவனமாகப் படித்தவர் இதை வரைபட நிலையிலேயே கணக்கில் எடுத்துக்கொள்வார்.

கேள்வி (பெற்றோர், ஈரோடு): கட்-ஆஃப் எப்படிக் கணக்கிடுகிறார்கள்? கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: மொத்தம் 200, கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. 1794-இல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களுக்குப் போட்டி எப்போதும் கடுமையாக இருக்கும். மற்ற கல்லூரிகளைப் பொறுத்தவரை, விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு ஒருமுறை நேரில் போய் ஆய்வகங்களைப் பாருங்கள். மாணவர்களின் பதிவேடுகளைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாப் பதிவேடுகளிலும் ஒரே எண்கள் இருந்தால், அங்கே சோதனை நடப்பதில்லை, பார்த்து எழுதுவதுதான் நடக்கிறது என்று பொருள்.

கேள்வி (இரண்டாம் ஆண்டு மாணவர், திருச்சி): வேலைக்குப் போனால் சோதனைகளை வெளி ஆய்வகங்கள்தாம் செய்து தரப்போகின்றன. அப்படியிருக்க, நாங்கள் ஏன் ஒவ்வொரு சோதனையையும் கையால் செய்ய வேண்டும்?

பதில்: வெளி ஆய்வகம் தரும் எண்ணை நம்பலாமா, கூடாதா என்று முடிவு செய்யப்போவது நீங்கள், அதற்காகத்தான். கழிவுநீரின் பிஓடி சோதனையையே எடுத்துக்கொள்வோம். நுண்ணுயிரிகள் கழிவைச் சிதைக்கும்போது எவ்வளவு ஆக்சிஜனைச் செலவிடுகின்றன என்பதே அதில் அளக்கப்படுகிறது. 27 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஏறக்குறைய 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். வீட்டுக் கழிவுநீரோ ஒரு லிட்டருக்கு 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ கேட்கும். ஆகவே 300 மில்லி குப்பியில் 6 மில்லி கழிவுநீரை மட்டும் விட்டு, மீதியைக் காற்றேற்றிய நீரால் நிரப்பி, உள்ளே ஒரு குமிழிகூட நிற்காமல் மூட வேண்டும். 27 டிகிரியில் 3 நாள் வைத்தபின் ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராம் குறைந்திருந்தால், நாம் 50 மடங்கு நீர்க்கச் செய்திருப்பதால், பிஓடி 200 என்று வரும். குமிழி ஒன்று சிக்கியிருந்தால் அதிலுள்ள ஆக்சிஜனும் கரைந்து, விடை குறைவாகிவிடும். சிறு பிழையும் 50 மடங்காகப் பெருகும்.

கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விதத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும். மாங்கனீசு சல்பேட்டையும் காரத்தில் கலந்த அயோடைடையும் விட்டதும், ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிற வீழ்படிவு இறங்கும். இல்லையென்றால் அது வெள்ளையாகவே இருக்கும். அமிலம் விட்டுக் கரைத்து, தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம் பார்த்துக்கொண்டே வந்து, வெளிர் மஞ்சளானபின் ஸ்டார்ச் சேர்த்தால் நீலம் தோன்றும். அந்த நீலம் மறையும் சொட்டில் நிறுத்த வேண்டும். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: பல நாடுகளில் இந்தச் சோதனை 20 டிகிரியில் 5 நாள், நம் வெப்பத்துக்கு ஏற்ப இந்தியத் தரநிலை 27 டிகிரியில் 3 நாள் என்று வைத்திருக்கிறது. அறிக்கையில் நாளும் வெப்பநிலையும் குறிப்பிடப்படவில்லை என்றால், அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் வடிவமைக்கக் கூடாது.

கான்கிரீட்டுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். எம் 25 என்ற கான்கிரீட் தரம், 150 மில்லிமீட்டர் க்யூப் (சோதனைக் கனசதுரம்) 28 நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. ஆனால் கலவையை 25-க்கே வடிவமைத்தால் ஏறக்குறையப் பாதி க்யூப்கள் அதற்குக் கீழே போய்விடும். 100-இல் 5-க்கு மேல் தவறக் கூடாது என்பதால், திட்ட விலக்கம் (வலிமை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு) 4 என்று கொண்டு, அதை 1.65-ஆல் பெருக்கிக் கூட்டி, 31.6-ஐ இலக்காக வைக்கிறோம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456-ஐத் தேர்வுக்காக மட்டும் புரட்டாமல், ஒவ்வொரு விதியும் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டுப் படியுங்கள்.

கேள்வி (தாயார், மதுரை): மகள் சிவில்தான் வேண்டும் என்கிறாள். சைட் வேலை பெண்பிள்ளைக்குச் சரிவருமா என்று வீட்டில் தயங்குகிறார்கள்.

பதில்: அம்மா, உங்கள் மகள் விருப்பப்பட்டுக் கேட்கிறாள் என்பதே பெரிய தகுதி. கிண்டியில் 1940-களிலேயே சிவில் படித்து முடித்த பி. கே. திரேசியா, 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். சைட்டில் கழிப்பறை வசதி இல்லாதது, இரவு நேர கான்கிரீட் பணி, தொலைவான இடங்கள் ஆகிய சிரமங்கள் உண்மையானவை. அவற்றை நான் மறைக்கவில்லை. அவற்றைச் சரிசெய்ய வேண்டியது வேலை கொடுப்பவரின் கடமை. அதோடு, கட்டமைப்பு வடிவமைப்பு, நீர்ப் பரிசோதனை, திட்டமிடல், ஆராய்ச்சி என்று இந்தப் படிப்பில் பல கிளைகள் உண்டு. எந்தக் கிளைக்குப் போனாலும் முதல் சில ஆண்டுகள் சைட்டில் நின்று கற்பதை அவள் தவிர்க்காமல் இருப்பது நல்லது.

கேள்வி (டிப்ளமா முடித்தவர், சேலம்): நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் தாக்குப்பிடிக்க முடியுமா?

பதில்: சர்வேயிலும் வரைபடத்திலும் நீங்கள் மற்றவர்களை முந்திவிடுவீர்கள், கணிதத்தில்தான் திணறல் வரும். சேருவதற்கு முந்தைய விடுமுறையிலேயே வகைநுண்கணிதத்தையும் தொகைநுண்கணிதத்தையும் முடித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (முதலாம் ஆண்டு மாணவர், நாகர்கோவில்): கணிதத்தில் அரியர் விழுந்துவிட்டது. சுற்றுச்சூழல் பக்கம் போனால் கணிதம் குறைவுதானே?

பதில்: இல்லை. ஆற்றில் கழிவுநீர் கலந்தால் எத்தனை கிலோமீட்டர் தள்ளி ஆக்சிஜன் மிகக் குறைவாகும் என்று சொல்ல, 1925-இல் ஓஹியோ ஆற்றை ஆராய்ந்து ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் எழுதிய சமன்பாடு இன்றும் பாடத்தில் இருக்கிறது. அது ஒரு வகைக்கெழுச் சமன்பாடு. கழிவு ஆக்சிஜனை உண்ணும் வேகமும் காற்றிலிருந்து ஆக்சிஜன் கரையும் வேகமும் ஒன்றோடொன்று போட்டியிடுவதைத்தான் அது சொல்கிறது. அப்படி ஒரு நேரடிப் பொருளோடு சேர்த்துப் படித்தால் கணிதம் பிடிபடும். அரியரை அடுத்த பருவத்திலேயே முடித்துவிடுங்கள்; தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி (மூன்றாம் ஆண்டு மாணவி, கோவை): உண்மையைச் சொல்லுங்கள் ஐயா, வேலையும் சம்பளமும் எப்படி இருக்கும்?

பதில்: தொடக்கச் சம்பளம் மென்பொருள் துறையைவிடப் பெரும்பாலும் குறைவு, அனுபவத்தோடுதான் உயரும். அரசுப் பணி வேண்டுமென்றால் தேர்வாணையத்தின் பொறியியல் தேர்வுகள் வழியாகப் பொதுப்பணி, நீர்வளம், நெடுஞ்சாலை என்று முயலலாம். குடிநீர் வடிகால் வாரியம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆகியவற்றின் அறிவிக்கைகளையும் கவனித்துவாருங்கள்.

நீர்த் துறையில் வேலை பெருகும் என்பது என் உறுதியான கருத்து. நொய்யல் மாசு காரணமாக, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டதை உங்கள் பகுதியில் மறந்திருக்க மாட்டார்கள். கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவரும் நிலையங்களை நடத்த இன்று அங்கே பொறியாளர்கள் தேவைப்படுகிறார்கள். சென்னை கோயம்பேட்டில் 2019 முதல் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் எதிர்ச் சவ்வூடு முறை (ஆர்.ஓ.) வரை சுத்திகரித்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். இவற்றையெல்லாம் வடிவமைப்பதற்கு மட்டுமல்ல, நாள்தோறும் ஒழுங்காக ஓட்டுவதற்கும் படித்தவர்கள் வேண்டும்.

கேள்வி (இறுதியாண்டு மாணவர்கள் நால்வர், காஞ்சிபுரம்): புராஜெக்ட்டுக்கு, சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக முட்டை ஓட்டுத் தூள் சேர்த்து க்யூப் உடைக்கலாம் என்றிருக்கிறோம். சரியா?

பதில்: ஆண்டுதோறும் எத்தனையோ கல்லூரிகளில் அதே வேலை நடக்கிறது, நீங்களும் ஒரு வரைபடம் போட்டு முடித்துவிடுவீர்கள், அவ்வளவுதான். ஏரிகள் நிறைந்த மாவட்டத்தில் இருக்கிறீர்கள். உங்கள் ஊர் ஏரி ஒன்றை எடுத்துக்கொண்டு, வரத்துக்கால் (நீர் வரும் கால்வாய்), மதகு, கலங்கல் (மிகை நீர் வழியும் இடம்) மூன்றையும் அளந்து பாருங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

கணக்கு எளிது. வடிநிலப் பரப்பை எக்டேரிலும், மழையின் வேகத்தை மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்றும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் வழிந்தோடும் விகிதத்தோடு (பெய்த மழையில் எத்தனை பங்கு வழிந்தோடுகிறது என்பதோடு) பெருக்கி 360-ஆல் வகுத்தால், நொடிக்கு எத்தனை கன மீட்டர் வரும் என்று தெரியும். 20 எக்டேர், 60 மில்லிமீட்டர் மழை, வயலும் தோட்டமுமாக இருந்தபோது விகிதம் 0.3 என்றால் நொடிக்கு 1 கன மீட்டர். அதே நிலம் மனைகளாகி, சிமெண்ட் தளம் போடப்பட்டு விகிதம் 0.6 ஆனால் 2 கன மீட்டர். கால்வாயின் அகலமோ அப்படியேதான் இருக்கும், அல்லது ஆக்கிரமிப்பால் குறைந்திருக்கும்.

விகிதத்தைப் பாடநூல் அட்டவணையிலிருந்து எடுத்துப்போடாமல், செயற்கைக்கோள் படத்தை வைத்துத் தெருத்தெருவாகச் சரிபார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். லெவல் கருவியைக் கல்லூரியில் கேட்டு வாங்கி, வரத்துக்கால் நெடுகச் சம இடைவெளியில் கால்வாயின் அடிப்பரப்பு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று அளந்து எடுங்கள். எந்த இடத்தில் சரிவு தலைகீழாகியிருக்கிறது, எங்கே வண்டல் படிந்திருக்கிறது என்பது அப்போதுதான் வெளிப்படும். மழைக்கு முன்பு ஒருமுறையும் வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும்போது ஒருமுறையும் அளக்கும்படி கால அட்டவணை போடுங்கள்; ஜூனிலேயே தொடங்கினால்தான் அது நடக்கும். முடிந்ததும் வரைபடங்களின் ஒரு படியை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.