காசில்லாத ஞாயிறும் கோட்டை அகழியும்

அன்புள்ள தம்பிக்கு,

குடியாத்தத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, ஞாயிறு விடிந்தால் அறையில் படுத்துக் கைப்பேசியைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை, வெளியே இறங்கினாலோ காசு கரைகிறது, இத்தனை ஆண்டுகளாக அண்ணன் எப்படித்தான் பொழுதைக் கழித்தீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். இதற்கான பதிலை நான் சிங்கப்பூரில் கற்கவில்லை. உங்களுக்கும் பழக்கமான வேலூரில்தான் கற்றேன்.

கண்ணமங்கலத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்த எனக்கு, நகரம் என்றால் வேலூர் ஒன்றுதான். 1989-இல் வடாற்காடு மாவட்டத்தைப் பிரித்து எங்களைத் திருவண்ணாமலைப் பக்கம் சேர்த்த பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை. பம்புசெட்டுக்கு வாஷர், அம்மாவுக்கு மாத்திரை என்று ஏதாவது ஒரு காரணத்தோடு அப்பா மாதம் ஒரு முறை புறப்படுவார், நானும் தொற்றிக்கொள்வேன். பதினொரு மணிக்குள் வாங்க வேண்டியதெல்லாம் வாங்கியாகிவிடும். அடுத்த வண்டியைப் பிடித்து ஊர் திரும்பியிருக்கலாம். ஆனால் அப்பா அப்படித் திரும்பிய நாளே இல்லை. பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்து கோட்டைக்குப் போய், அகழியோரம் நிழலாகப் பார்த்துத் துண்டை விரித்து, “நாலு மணி வண்டிக்கு இன்னும் நேரம் கெடக்குது, குந்துடா” என்பார்.

குந்துவோம். பொட்டலத்தில் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இருக்கும். அப்பா ஒவ்வொரு கொட்டையையும் கட்டை விரலால் நெரித்து, பருப்பின் மேலிருக்கும் சிவப்புத் தோலை ஊதிவிட்டு, இரண்டில் ஒன்றை என் உள்ளங்கையில் வைப்பார். பொட்டலம் தீர ஒரு மணி நேரம் ஆகும். தண்ணீரில் கோட்டைச் சுவர் தலைகீழாக ஆடுவதையும், எதிரே புல்வெளியில் குடும்பம் குடும்பமாகச் சோற்று மூட்டையை அவிழ்ப்பதையும் பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு காலத்தில் இந்த அகழியில் முதலைகள் விட்டிருந்தார்களாம் என்று அப்பா சொன்னதிலிருந்து, தண்ணீரில் எது மிதந்தாலும் நான் எழுந்து நின்று பார்ப்பேன். வெயில் ஏறினால் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குள் நுழைந்து, கல்யாண மண்டபத்தின் யாளித் தூண்களுக்கு நடுவே குளிர்ந்த கல்லில் சாய்ந்துகொள்வோம். அப்பா சிறுவனாக வந்த நாளில் அங்கே மூலவரே இல்லை. பூசையற்றுக் கிடந்த அந்தக் கோயிலில் 1981-இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து மறுபடி நிறுவினார்கள். அதை அப்பா நேற்று நடந்ததைப் போலச் சொல்வார். 1806 சிப்பாய்ப் புரட்சியைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்தபோது, நாங்கள் மல்லாட்டைத் தோல் உரித்த இடமா அது என்று எனக்கு நம்பவே முடியவில்லை.

இங்கே வந்த புதிதில் இதையெல்லாம் மறந்துவிட்டேன். அறை நண்பர்களோடு ஆர்ச்சர்டு சாலைக் கடைகளில் சுற்றி, தேவையில்லாத சட்டைகளை வாங்கி, மாதக் கடைசியில் ஊருக்கு அனுப்பும் பணத்தில் துண்டு விழுந்ததுதான் மிச்சம். ஒரு ஞாயிறு, மழைக்கு ஒதுங்கிய இடத்திலிருந்து தாவரவியல் பூங்காவுக்குள் நடந்தேன். 1859-இல் தொடங்கி, 2015-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அந்தப் பூங்காவுக்கு, ஆர்க்கிட் தோட்டம் ஒன்றைத் தவிர, நுழைவுக் கட்டணமே கிடையாது. அன்னங்கள் மிதக்கும் ஏரிக்கரையில் உட்கார்ந்தபோதுதான், எந்த வேலையும் இல்லாமல் ஒரு நகரத்தில் அரை நாள் இருந்துவிட்டு வருவது எனக்கு ஏற்கெனவே தெரிந்த கலை என்பது உறைத்தது.

அதன் பிறகு, ஏதாவதொரு மாடிப் பேருந்தில் ஏறி மேல்தளத்தின் முன்னிருக்கையில் அமர்ந்து, கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புவது என் வழக்கமாயிற்று. இங்கே தூரத்துக்குத்தான் கட்டணம். இறங்கும்போது அட்டையைத் தட்ட மறந்தால் கடைசி நிறுத்தம் வரைக்குமான முழுக் கட்டணமும் போய்விடும், கவனம். விக்டோரியா தெருவிலுள்ள தேசிய நூலகத்தில் தமிழ் நூல்கள் ஏராளம்; உள்ளே உட்கார்ந்து படிக்க யாரும் காசு கேட்கமாட்டார்கள், குளிரூட்டிய அறை வேறு. தேக்கா சந்தைக்குக் கத்தரிக்காயும் முருங்கையும் வாங்கப் போங்கள், ஆனால் ஞாயிறு முழுவதையும் அங்கேயே கழிக்காதீர்கள் என்பது என் கருத்து. அங்கே கூடினால் ஏஜெண்டுக்குக் கட்டிய பணமும் ஓவர்டைமும் தவிர வேறு பேச்சு வராது. அறைக்குத் திரும்பும்போது மனம் முன்னைவிடக் கனத்திருக்கும்.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகளைக் கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். “இங்கே என்ன பார்க்கப் போகிறோம் அப்பா?” என்று கேட்டவள், அரை மணி நேரத்தில் தானாகவே மல்லாட்டையை ஊதக் கற்றுக்கொண்டாள்.

வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மரீனா அணைக்கட்டுக்கு வந்துவிடுங்கள். அதன் கூரைமேல் விரிந்த புல்வெளியில் பட்டம் விடுவார்கள், கடற்காற்றும் உண்டு. மல்லாட்டை நான் கொண்டுவருகிறேன். அகழியோரம் போலத் தோலைக் கீழே போட்டால் இங்கே அபராதம் கட்ட வேண்டியிருக்கும், ஆகையால் நீங்கள் ஒரு காகிதப் பை மட்டும் எடுத்து வாருங்கள்.